முதலில் ஓடி வந்தவளின் நாடி

1974 அக்டோபர் 14, திங்கட்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மூடுபனி, மழை இல்லை. ஐந்தரைக்குள் குளியல். ஆறு மணிக்கு மருந்தகத்தைத் திறந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் இருபது நிமிடம் கொதிக்க வைத்தேன். வயிற்றுவலி மிக்சர் ஆறு பாட்டில் கலக்கி லேபிள் ஒட்டினேன். ஏழு முதல் பத்து வரை நோயாளிகள் பதினேழு பேர்: அட்டை கடித்துப் புண்ணானவர்கள் ஐந்து, கவ்வாத்துக் கத்தி வெட்டு இரண்டு, மீதி சளியும் காய்ச்சலும். பத்தரைக்கு மேசையைத் துடைத்து, பரிசோதனைப் பதிவேட்டின் புதுப் பக்கத்தில் கோடு போட்டேன்.

அன்றைய டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை அன்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஐந்து வருடம் கழித்து இப்போது எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளிக்காரன். சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது கம்பவுண்டராக இருந்தேன். வயது நாற்பத்தாறு. வருடத்துக்கு ஒருமுறை தற்காலிகத் தொழிலாளிகளில் சிலரை நிரந்தரமாக்குவார்கள். அதற்கு முன் உடல் பரிசோதனை உண்டு. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஜீப்பில் வருவார். எடை பார்ப்பது, நாடி எண்ணுவது, பதிவேட்டில் ஏற்றுவது மூன்றும் என் பொறுப்பு. அவர் கண்ணையும் நாக்கையும் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்து, கடைசிக் கட்டத்தில் 'தகுதி' என்றோ 'தகுதியில்லை' என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவார். கொழுந்து எடுக்கும்போது ஒரு பெண் தேயிலைக் காட்டிலேயே விழுந்து இறந்த பிறகு, 1970இல் ஒரு புது விதி வந்தது. நாடி நிமிடத்துக்கு நூற்றுப்பத்தைத் தாண்டினால் தகுதியில்லை. விதி காகிதத்தில் நியாயமாகத்தான் இருந்தது.

அன்று இருபத்திரண்டு பேர். ஆண்கள் பதினொருவரும் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்பவர்கள். ஃபாக்டரியும் மருந்தகமும் ஒரே மட்டத்தில், நாற்பது அடி இடைவெளியில் இருக்கின்றன. அவர்களைப் பத்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு, பதினொன்றரை வரை காத்திருந்தார்கள். நாடி எழுபதிலிருந்து எண்பத்தெட்டு வரை. பதினொருவரும் தகுதி.

பெண்கள் பதினொருவரும் காட்டில் கொழுந்து எடுப்பவர்கள். அவர்களைப் பத்து மணிக்கு யாரும் விடவில்லை. மதியக் கொழுந்தை எடை போட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று உத்தரவு. எடைக் கொட்டகை பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து மருந்தகத்துக்கு நூற்று எழுபத்து நான்கு படி, நானே எண்ணியிருக்கிறேன். ஒன்றரை மணிக்குள் பரிசோதனை முடிந்து காட்டுக்குத் திரும்பாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலைதான் கணக்கு. அதனால் பெண்கள் நடந்து வரவில்லை. ஓடி வந்தார்கள்.

முதலில் வந்தவள் அந்த வருட மழையில் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள். முப்பத்தாறு வயது இருக்கலாம். இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் நிரந்தரத் தொழிலாளி; அந்தப் பெயரில்தான் அவர்களுக்கு தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் ஓர் அறையும் ஒரு சமையல் சாய்ப்பும் கிடைத்திருந்தன. வீட்டில் நிரந்தரப் பெயர் ஒன்று இருந்தால்தான் லயத்து வீடு. அக்டோபர் 31க்குள் சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்று அவளுக்குக் காகிதம் கொடுத்திருந்தார்கள். இந்தப் பரிசோதனையில் தேறினால் சாவி அவளிடமே இருக்கும். இல்லாவிட்டால் பிள்ளைகளோடு மலையிறங்க வேண்டியதுதான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் வாசலில் நின்றாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே உள்ளே கூப்பிட்டோம். டாக்டர் முன்னால் தோட்டத்துப் பெண்கள் உட்காரமாட்டார்கள். உட்காரச் சொல்லும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. நின்றபடியே கையை நீட்டினாள். அரை நிமிடத்துக்கு அறுபத்தாறு. இரண்டால் பெருக்கி 132 என்று எழுதினேன். வாயை இறுக மூடியிருந்தாள். கழுத்து நரம்பு துடித்தது. அதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

முதல் மூவரும் தகுதியில்லை. பின்னால் வந்த எட்டுப் பேரும் தகுதி. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மானேஜர் பங்களாவுக்குச் சாப்பிடப் போனார். எல்லோரும் துரை என்று கூப்பிடும் மானேஜர் அன்று அவருக்கு விருந்து வைத்திருந்தார்.

மூன்று மணிக்குப் பதிவேட்டை நல்ல பிரதி எடுக்க உட்கார்ந்தேன். எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். 132, 124, 114, 104, 100, 96, 92, 92, 88, 86, 84. எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். எண்கள் படியிறங்குவதுபோல் இறங்கியிருந்தன. ஒரு இடத்தில்கூட ஏறவில்லை. முதலில் ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் நின்றவளுக்கு வாசலில் அரைமணி நேரம் கிடைத்திருக்கிறது. நாங்கள் இதயத்தை எண்ணவேயில்லை. வரிசையில் நின்ற நேரத்தை எண்ணியிருக்கிறோம்.

அலமாரியைத் திறந்து பழைய பக்கங்களை எடுத்தேன். 1970, 71, 72, 73. நான்கு வருடத்தில் நாடி காரணமாகத் தள்ளப்பட்டவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பெண்கள். ஒன்பது பேரும் பெண்கள் வரிசையில் முதல் மூன்று இடங்களுக்குள். எல்லாம் என் கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. என் பதிவேட்டின் சுத்தத்தைத் துரையே ஒருமுறை பாராட்டியிருக்கிறார்.

வெறும் சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் போகக்கூடாது என்று, மூன்று இருபதுக்கு நானே எடைக் கொட்டகைக்கு இறங்கினேன். கொட்டகை வாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணினேன்: 72. பிறகு நூற்று எழுபத்து நான்கு படியையும் ஓடி ஏறினேன். முதுகில் கூடை இல்லை, காலையிலிருந்து காட்டில் நிற்கவும் இல்லை. மேலே வந்து எண்ணியபோது 136. ஐந்து நிமிடம் கழித்து 104. பத்து நிமிடத்தில் 88. கால்மணியில் 78. விதிப்படி நானும் வேலைக்குத் தகுதியில்லாதவன். கால்மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்ததும் தகுதியாகிவிட்டேன். ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதி, பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறினேன்.

டாக்டர் சாப்பாடு முடித்து முன்வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பாலக்காடு நகரத்துக் கோயில் தெருக்காரர், முப்பது வயதுக்குள். மரியாதையாகத்தான் பேசுவார். துரை பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் இருந்தார். நான் நின்றுகொண்டே பதிவேட்டைத் திறந்து காட்டினேன்.

"என்னவாக்கும் இது, கம்பவுண்டரே? நீங்கள் எண்ணினதுதானே? இப்போ நாடி பொய் சொல்லித்துங்கறேளா?"

"நாடி பொய் சொல்லலீங்க. நாமதானுங்க கேக்கக் கூடாத நேரத்துல கேட்டுப்போட்டோம்."

என் தாளைக் கொடுத்தேன். அவர் முதலில் சிரித்தார். இந்த வயதில் படியேறி ஓடுவதற்கு யார் சொன்னது என்று கேட்டார். துரையும் சிரித்தார். அவர்கள் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை; நான் ஓடியதைப் பார்த்திருந்தால் யாரும் சிரித்திருப்பார்கள். என்னைக் கொதிக்க வைத்தது அடுத்து துரை சொன்னதுதான். பட்டியல் டைப் ஆகிவிட்டது, ஒருத்திக்குத் திரும்ப எண்ணினால் நாளைக்கு லயம் முழுவதும் வாசலில் நிற்கும் என்றார். ஒரு மனுஷியின் நெஞ்சுத் துடிப்பைத் திருத்துவதைவிட ஒரு டைப் அடித்த தாளைத் திருத்துவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் படிகளில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. டாக்டரும் ஏறியதில்லை. ஜீப் மருந்தக வாசலுக்கே வரும்.

டாக்டர் மறுபடி தாளைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. விரலை எண்களின் மேல் வைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை இழுத்தார்.

"சரி, என்ன பண்ணணும்ங்கறேள்?"

"உக்கார வெச்சு எண்ணோணுங்க. மூணு பேத்துக்கும்."

மூன்று பேருக்கும் முடியாது என்று துரை குறுக்கிட்டார். இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் டாக்டர் சொன்னார்: மற்ற இருவருக்கும் புருஷன்மார் நிரந்தரம், வீடு போகாது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். புருஷனை இழந்த இந்த ஒருத்திக்கு மட்டும் நாளைக் காலையில் ஓய்வு நிலையில் இரண்டு தடவை எண்ண வேண்டும். என் கையெழுத்தும் ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். ஏழு மணித் தபால் ஜீப்பில் தாள் கிளம்பினால் அவர் மாற்றிக் கையெழுத்துப் போடுவார். ஏழு மணிக்குப் பிறகு பட்டியல் அவர் கையில் இருக்காது.

நான் சரியென்று தலையாட்டினேன். மற்ற இருவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கிடைத்தது கைநழுவிவிடுமோ என்ற பயம். இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

ஐந்தரை மணிக்கு லயத்துக்குப் போனேன். முதலில் ஓடி வந்தவள் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வாய்த்துடுக்கு அதிகம், சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"வாங்கய்யா. சாவிய வாங்கத்தான் கம்பவுண்டர அனுப்பிட்டாகளாக்கும்?"

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அரிசி களைந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது; ஆனால் குரலில் அழுகை இல்லை.

"நூத்தி முப்பத்திரண்டுன்னு எழுதுனது யாருய்யா?"

நான்தான் என்றேன்.

"பின்ன எதுக்கு இப்ப வந்தீக?"

காலையில் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆறவேயில்லை. டாக்டர் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார் என்று லயத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. அதனால் பரிசோதனை நாளில் காலையிலிருந்தே தெம்பு ஏற்றிக்கொள்வார்கள். இவள் ஃபாக்டரித் தூளைக் கறுக்கக் காய்ச்சி இரண்டு டம்ளர் குடித்திருக்கிறாள். வெற்றிலையோடு புகையிலையை வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாகப் போட்டிருக்கிறாள். முதலில் போய் நின்றால் சுறுசுறுப்புக்காரி என்று எழுதுவார்கள் என்று எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்திருக்கிறாள்.

"மூச்சு வாங்குனா சீக்குக்காரின்னு நெனச்சிருவாகன்னு மூச்ச அடக்கிக்கிட்டு நின்னேன்யா."

இறுக மூடிய வாயின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கறுப்புத் தேத்தண்ணீர், புகையிலை, ஓட்டம், அடக்கிய மூச்சு, பயம். நாடியை ஏற்றுகிற எல்லாவற்றையும், தேற வேண்டும் என்பதற்காகவே, ஒன்றுவிடாமல் செய்துவிட்டு வந்து நின்றிருக்கிறாள். நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று ஐந்து வருடமாக அந்த லயத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்.

நாளைக் காலையில் எழுந்திருக்காமல் படுத்தே கிடக்க வேண்டும் என்றேன். தேத்தண்ணீர் கூடாது, புகையிலை கூடாது, தண்ணீர் பிடிக்கப் போகக்கூடாது.

பக்கத்து வீட்டுக்காரி கையைத் தட்டினாள். "ஓடுனா சீக்காளி, படுத்தா சோம்பேறி. நாளைக்கு என்னய்யா எழுதப் போறீக? நடுவுல தொங்கச் சொல்லுங்க, தொங்குறோம்."

அவளே கொஞ்ச நேரத்தில், தண்ணீரைத் தான் பிடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு முன்னோட்டம் பார்த்துவிடலாம் என்று அவளை வாசற்படியில் உட்கார வைத்து எண்ணினேன். அரை நிமிடத்துக்கு நாற்பத்தொன்று, அதாவது 82. திருப்தியாக இருந்தது. எண்ணிக்கொண்டே, யோசிக்காமல், ஒருவேளை வீடு போனால் எங்கே போவாய் என்று கேட்டுவிட்டேன். போடிப் பக்கம் ஒரு தங்கை இருக்கிறாள் என்றாள். என் விரலுக்கு அடியில் நாடி குதிக்கத் தொடங்கியது. அடுத்த அரை நிமிடத்துக்கு ஐம்பத்தைந்து. அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு படி ஏறவில்லை. என் ஒரு கேள்வி மட்டும் நடுவில் வந்தது, 110.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. காலையில் கடிகாரத்தோடு நான் அவள் பக்கத்தில் நிற்கக்கூடாது. அவளுடைய பிழைப்பை எழுதி அழித்த கை என்னுடையது. அதைப் பார்த்தாலே அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தோட்டத்து மருத்துவச்சியிடம் போனேன். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் அந்த அம்மாதான் இருந்தாள். நாடி எண்ணத் தெரியும். சொந்தக் கடிகாரம் வைத்திருந்தாள். நீங்களே எண்ணுங்கள், நான் வெளியே நிற்கிறேன், நீங்கள் சொல்வதை எழுதுகிறேன் என்றேன். எண்ணத் தொடங்கும் நேரத்தை அவளுக்குச் சொல்ல வேண்டாம், ஏதாவது பேசிக்கொண்டிருங்கள் என்றும் சொன்னேன்.

"என்னத்தப் பேச?"

"எதை வேணும்னாலும் பேசுங்க. ஊட்டப் பத்தி, சாவியப் பத்தி மட்டும் பேசாதீங்க."

மறுநாள் தாள் போய்ச் சேர்ந்ததும் டாக்டர் சொன்னபடி கையெழுத்தை மாற்றிப் போட்டார். அவள் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறியது, சாவி அவளிடமே இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்காக அந்த இளைஞர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அடுத்த வருடம் முதல் பெண்களுக்கும் பெஞ்சு போட்டு, கால்மணி உட்கார வைத்த பிறகுதான் எண்ணினேன்; பதிவேட்டில் 'ஓய்வு நிமிடம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். மற்ற இருவரும் அந்த வருடம் தேறினார்கள். ஒரு வருடம் காத்திருக்க வைத்ததற்கு அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

ஆனால் பழைய பக்கங்களின் ஒன்பது பேர்? அவர்களைத் திரும்ப எண்ண வேண்டும் என்று மூன்று தடவை ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை, பழைய விஷயம் என்றார்கள். இரண்டாம் தடவை, அவர்களில் ஆறு பேர் தோட்டத்திலேயே இல்லை என்றார்கள். இல்லாமல் போனதே அந்தப் பக்கங்களால்தான் என்று எழுதினேன். மூன்றாம் தடவை பதிலே வரவில்லை. அந்த ஆறு பேர் எந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் தங்களுக்கு நெஞ்சுக் கோளாறு இருப்பதாகவே இன்னும் நம்பிக்கொண்டிருப்பார்கள். பாரம் தூக்கப் பயப்படுவார்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். நல்ல இதயத்தைக் கெட்டது என்று எழுதிக் கொடுத்ததற்கு எந்த விதியில் என்ன தண்டனை என்று நான் தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

1974 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு மருத்துவச்சி உள்ளே போனாள். நான் பதிவேட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே, கதவு மறைவில் நின்றேன். உள்ளே கோழி முட்டையிட்டதைப் பற்றிய பேச்சு கேட்டது. ஒரு குழந்தை தூக்கத்தில் முனகியது. பிறகு மருத்துவச்சி "முப்பத்தியேழு" என்றாள். 74 என்று எழுதினேன். ஐந்து நிமிடம் கழித்து "முப்பத்தியாறு" என்றாள். 72 என்று எழுதி, அதற்குப் பக்கத்தில், 'படுத்த நிலை, எழுந்து நடக்கவில்லை, தேத்தண்ணீர், புகையிலை இல்லை' என்று சேர்த்தேன். மருத்துவச்சி வெளியே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளிருந்து பாய் சுருட்டும் சத்தம் கேட்டது.

"ஐயா, பெரட்டுல பேர் கூப்பிட மணி அடிச்சிருவாக. இனி ஓடலாமா?"

ஓடலாம் என்றேன்.